பாட்டியின் பிறந்த வீட்டைத் தேடுவது எப்படி: சென்னைக் குடும்பங்களின் கொடிவழிக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் குடியிருக்கும் எந்தக் குடும்பத்திலும் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரைக் கேட்டால் விடை உடனே வந்துவிடும்; அப்பாவின் இனிஷியலிலேயே அந்தப் பெயர் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தாத்தாவுக்கு வாழ்க்கைப்பட்ட பாட்டி எந்த ஊரில் பிறந்தார், அவருடைய தகப்பனார் யார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எங்கள் வீட்டிலும் நின்றது. என் தாயாரின் பாட்டியை எல்லோரும் ‘வந்தவாசி ஆயா’ என்றே சொல்லி வந்தார்கள். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும் என்பதே எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் உறைத்தது. அவரைத் தேடிய நான்கு ஆண்டுகளில் பதிவேடுகளையும் காலமானார் அறிவிப்புகளையும் எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொண்டேன். அதே தேடலில் இறங்குபவர்களுக்கு அது பயன்படும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

தேடலை வீட்டுப் பரணிலிருந்துதான் தொடங்க வேண்டும். தாய்ப்பத்திரம், ஜாதகக் கட்டு, பழைய ரேஷன் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை ஆகியவற்றை ஒன்றுவிடாமல் எடுத்துப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படங்களின் பின்பக்கத்தையும் சேர்த்தே படம் பிடியுங்கள், ஸ்டுடியோவின் முத்திரையும் சில சமயம் தேதியும் அங்கேதான் இருக்கும். இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது மொய் நோட்டை. பதிவேடு என்ற நினைப்பே இல்லாமல் எழுதப்பட்ட நோட்டு என்பதால் அதில் பொய் சொல்ல எவருக்கும் காரணம் இல்லை. எங்கள் வீட்டில் கிடைத்தது ஒரு காதுகுத்துக்கு எழுதிய நீள நோட்டு. அட்டை போய்விட்டது, தேதியும் இல்லை. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழிக்குக் கீழே தாய்மாமன் வரிசையை முதலில் எழுதி, அதன்பின் ஊர், தகப்பனார் பெயர், பெயர், தொகை என்று வரி வரியாகப் போகிறது. தொகைகளெல்லாம் ரூபாய், அணாக் கணக்கில் இருந்தன. நயா பைசா 1957 ஏப்ரல் 1ஆம் தேதி வந்தது. ஆகவே நோட்டு பெரும்பாலும் அதற்கு முற்பட்டது என்று கொண்டேன். அதில் வந்தவாசி என்ற ஊர்ப் பெயரின் கீழ் ஏழு வரிகள் இருந்தன. அந்த ஏழு பெயர்களே என் தேடலுக்கு முதல் பிடியாக அமைந்தன.

பெரியவர்களிடம் கேட்கும்போது “நம் முன்னோர் யார் யார்?” என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. நடந்த காரியங்களை வைத்துக் கேளுங்கள். அந்தச் சாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி யார் கொண்டுவந்தார்கள், இந்தக் குழந்தைக்கு மடியில் உட்காரவைத்துக் காது குத்திய மாமன் யார், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க எந்த ஊருக்குப் போனார்கள், எந்தக் குடும்பத்தோடு பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை என்றெல்லாம் கேட்டால் உறவுமுறை தானாக விழும். பெண் கொடுத்துப் பெண் எடுக்காத வீடு பங்காளி வீடாக இருக்கும். அது ஒன்றே தந்தைவழியில் ஒரு கிளையைக் காட்டிவிடும். தர்ப்பணம் செய்யும் வழக்கமுள்ள வீடுகளில் மூன்று தலைமுறைப் பெயர்கள், தாய்வழிப் பெயர்கள் உட்பட, வாயிலேயே வாழ்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றைச் சொல்பவர் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.

தேதி கேட்டால் பெரியவர்கள் நிகழ்ச்சியைச் சொல்வார்கள். ‘எம்டன் குண்டு போட்ட வருஷம்’ என்றால் 1914; அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டது செப்டம்பர் 22ஆம் தேதி இரவு. ‘ஜப்பான்காரனுக்குப் பயந்து பட்டணத்தை விட்டு ஓடின வருஷம்’ என்றால் 1942. ‘அண்ணா செத்தபோது’ என்றால் 1969 பிப்ரவரி. இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பேச்சின் நடுவிலேயே ஆண்டைக் குறித்துவிடலாம். எழுத்தில் வரும் தேதிகளுக்கு வேறு கணக்கு. வருவாய்த் துறைத் தாள்களில் பசலி ஆண்டு இருக்கும். அதனுடன் 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1341 என்பது 1931 ஜூலை முதல் 1932 ஜூன் வரை. தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அறுபதாண்டுச் சுற்றை மறக்கக் கூடாது: பிரஜோற்பத்தி என்பது 1931-32ஆகவும் இருக்கலாம், 1871-72ஆகவும் இருக்கலாம்.

இனிப் பதிவேடுகளுக்கு வருவோம். எந்தப் பதிவைக் கையில் எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்: இதைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார், எதற்காகச் சொன்னார். இறப்புப் பதிவில் இறந்தவரின் வயதைச் சொல்பவர் துக்கத்தில் இருக்கும் மகனாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார். அதனால்தான் பழைய பதிவுகளில் வயது அறுபது, எழுபது, எழுபத்தைந்து என்று முழுமையாகவே நிற்கிறது. இறந்த தேதியை அந்தப் பதிவில் நம்பலாம், பிறந்த ஆண்டை அதிலிருந்து கணக்கிட்டு எழுதக் கூடாது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் இதற்கு நேர்மாறாகப் பிறந்த தேதி தெளிவாக இருக்கும். ஆனால் ஜூன் மாதச் சேர்க்கைக்கு வயது பொருந்த வேண்டும் என்று வாத்தியார் போட்ட தேதியாக அது இருக்கக்கூடும். அந்தப் பதிவேட்டில் தகப்பனார் அல்லது கார்டியன் பெயர், தொழில், இருப்பிடம் ஆகிய மூன்றும்தான் எனக்கு அதிகம் உதவின.

பிறப்பு, இறப்புப் பதிவுகளை மாநகராட்சியின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். அங்கே அகப்படாத பழையவற்றுக்குச் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். பிறந்தபோது பெயர் வைக்காமலே பதிந்திருந்தால் ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று மட்டும்தான் இருக்கும் என்பதால், குழந்தையின் பெயரை வைத்துத் தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாமல் பெற்றோரின் பெயரையும் தேதியையும் வைத்துத் தேடுங்கள். சென்னையின் எல்லை நாளுக்கு நாள் விரிந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் முதலியவை 2011இல்தான் மாநகராட்சியுடன் சேர்ந்தன. அதற்கு முந்தைய பதிவுகள் அந்தந்த நகராட்சியின் பெயரில் இருக்கும். தெருப் பெயர்களும் மாறியிருக்கின்றன. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை ஆனதும், மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆனதும் எல்லோருக்கும் தெரியும்; சின்னத் தெருக்கள் பெயர் மாறியதும், வீட்டு எண் பழைய எண், புது எண் என்று இரண்டானதும் அந்தத் தெருவாசிகளுக்கு மட்டுமே தெரியும். முகவரி பொருந்தவில்லை என்பதற்காக ஒரு பதிவை உடனே தள்ளிவிட வேண்டாம்.

வாக்காளர் பட்டியல் எளிமையானது, ஆனால் பயன் மிக்கது. 2025 நவம்பரில் தொடங்கிய தீவிரத் திருத்தத்தின்போது 2002, 2005ஆம் ஆண்டுகளின் பழைய பட்டியல்களை இணையத்தில் தேட வசதி செய்து கொடுத்தார்கள். அப்போது தன் தாய் தந்தையின் பெயரைத் தேடிய ஒவ்வொருவரும் அறியாமலேயே கொடிவழி ஆராய்ச்சி செய்தவர்கள்தாம். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஒரே வீட்டு எண்ணில் அன்று வாழ்ந்த அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். இன்னும் பழைய பட்டியல் எதிலாவது ஒரு பெயர் கிடைத்தால், 1989 வரை வாக்குரிமை வயது 21 என்பதை வைத்து அவர் எந்த ஆண்டுக்கு முன் பிறந்திருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு கட்டலாம். பெண்களுக்குப் பெரும்பாலும் கணவர் பெயர்தான் இருக்கும் என்பதால் பாட்டியைத் தேடுகிறவருக்கு இந்தப் பட்டியல் பாதி வழி வரைக்கும்தான் துணை வரும்.

மீதி வழிக்குப் பத்திரப் பதிவைத்தான் நாட வேண்டும். பலரும் சொத்து வாங்கும்போது மட்டுமே எட்டிப் பார்க்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் நம் பெண்களின் வரலாறு தூங்குகிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன். பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975 முதலான வில்லங்க விவரங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதற்கு முந்தைய காலத்துக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். சொத்தின் சர்வே எண் தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு அலுவலகத்திலும் ஆள் பெயர்களுக்கு முதல் அட்டவணையும் சொத்துகளுக்கு இரண்டாம் அட்டவணையும் உண்டு. அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் முதல் புத்தகத்தையும் அதன் பெயர் அட்டவணையையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்வையிட விண்ணப்பிக்கலாம். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு அவற்றின் நகலைப் பிறரும் கேட்டுப் பெறலாம். சென்னை நகருக்குள் இருந்த சொத்தை உயிலாக எழுதி வைத்திருந்தால், நெடுங்காலம் இந்துக் குடும்பங்களும் அந்த உயிலுக்கு உயர் நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) பெற வேண்டியிருந்தது. அந்த மனுவில் வாரிசுகள் அனைவரின் பெயரும் உறவும் இருக்கும்.

எந்தப் பத்திரத்தை முதலில் தேடுவது? கிரயப் பத்திரத்தில் விற்றவரும் வாங்கியவரும் மட்டுமே இருப்பார்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் தம்பிகள் வரிசையாக வருவார்கள். பெண்கள் வருவது விடுதலைப் பத்திரத்தில். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு தகப்பனாரின் சொத்தில் மகள்களுக்கும் வாரிசுரிமை வந்துவிட்டதால், ஆண் பிள்ளைகள் அந்தச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ நினைத்தபோதெல்லாம் சகோதரிகளை அழைத்து வந்து கைநாட்டு வாங்க வேண்டியிருந்தது. அவர்கள் தம் பங்கை விட்டுக்கொடுத்த அந்தக் காகிதத்தில்தான் இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்ன ஊரில் வசிப்பவர் என்று பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கின்றன. நியாயம் கிடைக்காத இடத்தில் பெயராவது நிலைத்தது.

பழைய பத்திரத்தைப் படிக்கக் கொஞ்சம் பழக வேண்டும். ௸ என்ற குறியைக் கண்டால் ‘மேற்படி’ என்று படியுங்கள். ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். ௰ என்பது பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ஆகவே ௲௯௱௩௰௧ என்பது 1931. பாரியாள், பெண்சாதி இரண்டும் மனைவி, குமாரத்தி மகள். ‘இளைய தாரத்து’ என்ற சொல் வந்தால் வீட்டில் எவரும் சொல்லாத இன்னொரு திருமணம் இருந்திருக்கிறது. ‘மைனருக்குக் கார்டியன் தாய்’ என்று வந்தால் அந்தத் தேதிக்கு முன்பே தகப்பனார் இறந்திருக்க அதிக வாய்ப்புண்டு. ஜில்லா, தாலுகாப் பெயர்களை அன்றைய வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் வந்தவாசி, பழைய பத்திரங்களில் வடஆற்காடு ஜில்லாவில் இருக்கும். நிலம் வைத்திருந்த குடும்பமானால் சர்வே எண் வாரியாக நிலத்தையும் உடையவரையும் காட்டும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டையும், நிலப் பதிவுகளைப் புதுப்பிக்க 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய நிலப் பதிவுகளையும் பார்க்கலாம். மானியமாகக் கொடுக்கப்பட்ட இனாம் நிலமென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போவது பலன் தரும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் தேவாலயத்திலேயே இருக்கும்; கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் பதிவேடுகள் 1680இல் தொடங்குகின்றன. ஞானப் பெற்றோரின் பெயரைக் குறித்துக்கொள்ளத் தவறாதீர்கள், அவர்கள் பெரும்பாலும் மாமன், அத்தை, சித்தப்பா உறவினராகவே இருப்பார்கள். கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைகளில் ஒரே கல்லின் கீழ் அடுத்தடுத்து அடக்கமான பெயர்களையும் பாருங்கள். முஸ்லிம் குடும்பங்கள் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டைக் கேட்கலாம். அதில் மணமகளின் தகப்பனார் பெயர் இருக்கும்.

இனிக் காலமானார் அறிவிப்பு. ஒரு குடும்பம் தன் உறவுகளைத் தானே வரிசைப்படுத்திப் பொதுவெளியில் அச்சிடும் நேரம் திருமணத்துக்கு அடுத்தபடியாகச் சாவுதான். அதன் முதல் வரியிலேயே செய்தி இருக்கிறது. சிவலோகப் பதவி அடைந்தார் என்றால் ஒரு மரபு, வைகுண்டப் பதவி அல்லது ஆசார்யன் திருவடி அடைந்தார் என்றால் இன்னொரு மரபு, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், வஃபாத்தானார், இயற்கை எய்தினார் என்று ஒவ்வொன்றும் அந்த வீட்டின் சமயத்தையோ கொள்கையையோ காட்டும். அண்ணன் ‘சிவலோகப் பதவி’யும் தம்பி ‘இயற்கை எய்தினார்’ என்றும் இருந்தால் நடுவில் ஒரு கருத்து மாற்றம் நடந்திருக்கிறது. அடுத்து வரும் பட்டியலைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். பெயருக்கு முன் ‘காலஞ்சென்ற’ என்று இருப்பவர் அந்தத் தேதிக்கு முன்பே இறந்தவர். மருமகன் பெயர் இருந்து மகள் பெயர் இல்லாத அறிவிப்புகள் பழைய நாளிதழ்களில் உண்டு. மருமகனின் பெயரைப் பிடித்து மகளை அடைய வேண்டும். சம்பந்திகளின் ஊர்களைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாதவர் பிறக்காதவர் என்று முடிவு கட்டாதீர்கள்: சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள், சொத்துத் தகராறில் விலகியவர்கள், முதல் தாரத்துப் பிள்ளைகள் ஆகியோரை விட்டுவிடும் கொடுமை இந்த அறிவிப்புகளில் நிறைய நடந்திருக்கிறது.

எங்கே பார்ப்பது? எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம் அச்சாகும் நூல்களிலும் இதழ்களிலும் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நாட்டின் வைப்பு நூலகங்களுள் ஒன்று என்பதால் நாளிதழ்களுக்கு முதலில் அங்கே கேட்கலாம். பழைய தமிழ் இதழ்களுக்குத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. குடும்பத்தின் வசதியையும் மொழிப் பழக்கத்தையும் வைத்து எந்த இதழ் என்று ஊகிக்க வேண்டும். 1882இல் தொடங்கிய சுதேசமித்திரன், 1878இல் தொடங்கிய தி இந்து, 1934இல் வந்த தினமணி, 1942இல் வந்த தினத்தந்தி ஆகியவற்றை ஒரே வீட்டில் எல்லோரும் படித்ததில்லை. நூலகத்தில் பென்சிலும் தாளும் மட்டும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள், படம் எடுக்க அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பக்கங்கள் புரட்டும்போதே ஓரம் உதிர்கின்றன, இரண்டு கையாலும் தூக்கித் திருப்ப வேண்டும். இறந்த நாளன்று அறிவிப்பைக் காணாவிட்டால் பத்தாம் நாள், பதினாறாம் நாள் காரியத்தை ஒட்டிய இதழ்களைப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் அடுத்த ஆண்டு அதே தேதிக்குப் போங்கள். ‘முதலாம் ஆண்டு நினைவஞ்சலி’ என்று படத்தோடு வந்திருக்கும். சாவின் பதற்றம் தணிந்தபின் நிதானமாக எழுதிய அறிவிப்பு என்பதால் பெயர்கள் அதில் கூடுதலாகவும் பிழை குறைவாகவும் இருக்கும்.

ஒத்துப் பார்க்கும் வேலையில் நான் செய்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். என் கொள்ளுத்தாத்தாவின் பெயரும் அவருடைய தகப்பனார் பெயரும் அப்படியே பொருந்திய ஒருவரை ஒரு பத்திரத்தில் கண்டு, அவரே இவர் என்று எட்டு மாதங்கள் அந்தக் கிளையைத் தொடர்ந்தேன். அவர் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவர். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயர் பேரனுக்கு வரும் வழக்கத்தால், அண்ணன் தம்பி மூவருக்கும் பிறந்த மூன்று பையன்கள் ஒரே பெயரோடு ஒரே தெருவில் இருந்திருக்கலாம். அதன்பின் எனக்கு நானே வகுத்துக்கொண்ட விதி இது: பெயரும் தகப்பனார் பெயரும் பொருந்தினால் போதாது, ஊர், தொழில், மனைவி அல்லது சகோதரர் பெயர் ஆகியவற்றில் ஒன்றாவது தனியான வேறொரு பதிவிலிருந்து வந்து பொருந்த வேண்டும். அதுவரை கொடிவழிப் படத்தில் அந்தப் பெயரைப் பென்சிலால்தான் எழுதுவேன். உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி போன்றவற்றை உறவினர் குழுக்களில் பரப்பாமல் இருப்பதும் இதே கவனத்தைச் சேர்ந்ததுதான்.

வந்தவாசி ஆயாவுக்கு ஒரு தம்பி இருந்தார், பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார் என்பது பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு நினைவிருந்தது. “அவர் எப்போ போனார் பெரியம்மா?” என்று கேட்டேன். “எமர்ஜென்சி அப்போ. தீபாவளிக்குப் பலகாரம் சுடலை நாங்க” என்றார். நெருக்கடி நிலை 1975 ஜூனிலிருந்து 1977 மார்ச் வரை இருந்தது. அதற்குள் தீபாவளி இரண்டுதான் வருகிறது. இரண்டு ஆண்டுகளின் அக்டோபர், நவம்பர் இதழ்களை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். நான்காம் நாள், கட்டை விரல் அகலப் படத்தோடு எட்டு வரி அறிவிப்பு கிடைத்தது. இறந்தவரின் பெயர் மொய் நோட்டின் ஏழு வரிகளில் மூன்றாவதாக இருந்த அதே பெயர். சகோதரிகள் என்ற வரியில் இரண்டாவதாக, ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லுக்குப் பின், ஆயாவின் பெயர் இருந்தது.

அந்தத் தம்பியின் பெயரை வைத்து வந்தவாசி சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர் அட்டவணையைத் தேட மனுக் கொடுத்தேன். 1959ஆம் ஆண்டின் விடுதலைப் பத்திரம் ஒன்று அகப்பட்டது. மூன்று சகோதரிகள், அவர்களுடைய தகப்பனார், கணவன்மார், எண்பது சென்ட் நஞ்சை, கிணற்றில் ஒரு பங்கு. நகலின் கடைசிப் பக்கத்தில், ஆயாவின் பெயருக்கு எதிரே, ‘இடது கைப் பெருவிரல் ரேகை’ என்று எழுதியிருந்தது. கொடிவழிப் படத்தில் அவர் பெயரையும் அவருடைய தகப்பனார் பெயரையும் அன்றிரவு மையால் எழுதினேன்.